ஓர் அறிவிப்புப் பட்டையின் செலவுக் கணக்கு

பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளுக்காக உருவான கவ்.யூகே டிசைன் சிஸ்டத்தில் 'நோட்டிஃபிகேஷன் பேனர்' என்றொரு காம்பொனென்ட் இருக்கிறது. பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு மேலே, நீல ஓரம் போட்டு, 'முக்கியம்' என்ற சொல்லைத் தாங்கி நிற்கும் அறிவிப்புப் பட்டை அது. 2020 நவம்பரில் வெளிவந்த 3.10.0 பதிப்பில் சேர்ந்தது. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால் விலை 0 பவுண்ட். எந்த நாட்டு நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.

"மாற்றிக்கொள்ளலாம்" என்ற இடத்தில்தான் செலவு தொடங்குகிறது. "நிறத்தை மட்டும் மாத்திடுங்க, ஓரத்தில ஒரு மூடுற பட்டன் வச்சிடுங்க, அரை நாள் வேலைதானே" என்று கூட்டத்தில் யாராவது சொல்லுவார்கள். அந்த அரை நாளில் என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது என்பதை எண்களோடு எழுதிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. பிக்சல், நிற விகிதம் எல்லாம் 5-ஆம் பதிப்பின்படி. ஆட்களின் நேரம் வரும் இடங்களில் நான் வைத்துக்கொண்ட அனுமானத்தை அங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவின் எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிடலாம்.

முதலில் இலவசமாகக் கைக்கு வருவது என்ன என்று பார்ப்போம்.

பட்டையின் உயரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெரிய திரையில், ஒரே ஒரு வரிச் செய்தி. மேல் ஓரம் 5 பிக்சல். 'முக்கியம்' என்ற சொல் நிற்கும் தலைப்புப் பகுதியில் மேல் இடைவெளி 2, எழுத்து வரி 25, கீழ் இடைவெளி 5, அடியில் ஒரு கோடு 1, ஆக 33. செய்திப் பகுதியில் மேலே 20, 24 பிக்சல் எழுத்துக்கான வரி உயரம் 30, கீழே 20, ஆக 70. கீழ் ஓரம் 5. மொத்தம் 113. பட்டைக்கும் அடுத்த தலைப்புக்கும் நடுவே 50 பிக்சல் வெற்றிடம். பக்கத்தில் இது பிடிக்கும் இடம் 163 பிக்சல்.

768 பிக்சல் உயரத் திரையில், பிரவுசரின் சொந்தப் பட்டைகளைக் கழிக்காமலே, இது 21 சதவீதம். செய்தி இரண்டு வரியானால் 193 பிக்சல், 25 சதவீதம். திரையின் கால் பங்கு ஒரு செய்திக்குப் போகிறது. அந்தச் செய்தி தேவைப்படாதவருக்கும் அதே கால் பங்குதான் போகிறது.

அந்த 33 பிக்சலுக்குள் ஒளிந்திருக்கும் 1 பிக்சல் கோட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் நிறம் 'டிரான்ஸ்பரன்ட்', அதாவது ஒளி ஊடுருவும் கோடு. சாதாரணத் திரையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் பார்வைக் குறைபாடு உள்ள பலர் விண்டோஸில் உயர் மாறுபாட்டு முறையைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த முறையில் பிரவுசர் பின்னணி நிறங்களை எல்லாம் துடைத்துவிடும். நீலத் தலைப்புப் பகுதியும் போய்விடும். அப்போது தலைப்பையும் செய்தியையும் பிரித்துக் காட்ட மிஞ்சுவது அந்த 1 பிக்சல் கோடு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது அந்த முறையில் நிறம் பெற்று எழுந்து நிற்கும். காம்பொனென்ட்டைச் சொந்தமாக நகலெடுத்துச் 'சுத்தம்' செய்யும்போது முதலில் அழிக்கப்படுவதும் இதுதான். எந்த வேலையும் செய்யாத வரி போலத் தெரிவதுதான் காரணம். அழித்தால் மிச்சமாவது ஒரு வரி. யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடமிருந்து அது பறிபோகிறது.

அடுத்த எண் 605. செய்திப் பகுதிக்குள் இருக்கும் எதுவும் 605 பிக்சலுக்கு மேல் அகலமாகாது. இந்த எண் வந்த வழி இது: பக்கத்தின் அகலம் 960. நெடுவரிசைகளுக்கு இடையிலான சந்து 30. இரண்டையும் கூட்டி 990. அதில் மூன்றில் இரண்டு பங்கு 660. சந்தைக் கழித்தால் 630. இது பக்கத்தின் முக்கியப் பத்தி அகலம். பட்டையின் இடது ஓரம் 5, இடது உள் இடைவெளி 20, இரண்டையும் கழித்தால் 605. பட்டை முழு அகலத்துக்கு நீண்டு கிடந்தாலும் அதனுள் இருக்கும் வரி, கீழே உள்ள பத்தி முடியும் அதே நேர்க்கோட்டில் முடிய வேண்டும் என்பதற்காக இந்தக் கணக்கு. வரி நீளமானால் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி அலையும், அதைத் தவிர்க்கிறார்கள்.

இப்போது ஒரு குழு பக்க அகலத்தை 1,100 பிக்சலாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,130-இல் மூன்றில் இரண்டு பங்கு 753; சந்து போக 723; ஓரமும் இடைவெளியும் போக 698. ஆனால் தொகுக்கப்பட்ட சிஎஸ்எஸ் கோப்பில் 605 என்பது எண்ணாகவே உட்கார்ந்திருக்கிறது. 93 பிக்சல் வித்தியாசம். பட்டையின் வரிகள் கீழேயுள்ள பத்திக்கு முன்னாலேயே மடங்கும். தளம் நின்றுவிடாது, யாரும் புகார் எழுத மாட்டார்கள். ஆனால் பக்கம் ஏதோ கோணலாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் தங்கும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் ஒரு பிற்பகலைச் செலவிடுவார்.

சின்னத் திரைக்கும் ஒரு வரி. 320 பிக்சல் அகலத்தில் பக்க விளிம்புகள் 30, ஓரங்கள் 10, உள் இடைவெளிகள் 30 போக எழுத்துக்கு மிஞ்சுவது 250. 1280×1024 திரையை 400 சதவீதம் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் அகலம் இதே 320தான். உயரமோ வெறும் 256. செய்தி மூன்று வரி, வரிக்கு 20 பிக்சல் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் பட்டையின் உயரம் 128. அவருடைய திரையில் சரிபாதி. மாற்றம் கேட்கிறவர்கள் இந்தத் திரையை ஒருமுறையாவது பார்த்துவிட்டுக் கேட்டால் நல்லது.

காசில்லா மாற்றங்கள்

காம்பொனென்ட்டோடு வரும் நஞ்சக்ஸ் மேக்ரோவில் 11 பாராமீட்டர்கள் உண்டு. செய்தியை எழுத்தாகவோ எச்டிஎம்எல்லாகவோ தர 2, தலைப்பை அதேபோலத் தர 2, தலைப்பின் படிநிலைக்கு 1, தலைப்பின் அடையாளத்துக்கு 1, வகைக்கு 1, ரோலுக்கு 1, தானாக ஃபோகஸ் போவதை நிறுத்த 1, கூடுதல் கிளாஸ்களுக்கும் பண்புகளுக்கும் ஒவ்வொன்று. இவற்றால் முடிகிற எந்த மாற்றத்துக்கும் சிஎஸ்எஸ் 0 வரி, ஸ்க்ரிப்ட் 0 வரி. என் பார்வையில், கேட்கப்படும் மாற்றங்களில் நியாயமானவை பெரும்பாலும் இந்த 11-க்குள் அடங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக மொழி. தலைப்புக்கு எதுவும் கொடுக்காவிட்டால் ஆங்கிலத்தில் 'இம்பார்ட்டன்ட்' என்று வரும்; வெற்றி வகையானால் 'சக்சஸ்'. வேல்ஸ் மொழியிலும் இயங்கும் பிரிட்டிஷ் சேவைகளில் பக்கம் முழுக்க வேல்ஸ், பட்டையின் நெற்றியில் மட்டும் ஆங்கிலம் என்று நின்றால் பார்க்க எப்படி இருக்கும்? தலைப்பு பாராமீட்டரில் ஒரு சொல் போட்டால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் மறந்துபோனால், ஸ்க்ரீன் ரீடர் வேல்ஸ் உச்சரிப்பில் ஆங்கிலச் சொல்லைப் படித்துக் காட்டும்.

மூன்றாவது நிறம்

டிசைன் சிஸ்டம் இரண்டே வகை தருகிறது: பொதுவான நீலம், வெற்றிச் செய்திக்கான பச்சை. மூன்றாவதாக 'எச்சரிக்கை' நிறம் வேண்டும் என்ற கோரிக்கை எளிதாக எழும், நியாயமாகவும் தோன்றும். பச்சை வகையை மூலக்கோப்பில் பார்த்தால் மாறுவது மூன்றுதான்: ஓரத்தின் நிறம், பின்னணி நிறம், உள்ளே வரும் லிங்க்கின் நிறம். எனவே நான்கைந்து வரி எழுதி ஆரஞ்சு வகை ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றும். கணக்கு என்ன சொல்கிறது?

நீலம் சிவப்பு-பச்சை-நீல அளவில் 29, 112, 184. அதன்மேல் வெள்ளை எழுத்தின் மாறுபாட்டு விகிதம் 5.17. பச்சை 0, 112, 60, விகிதம் 6.21. டபிள்யூசிஏஜி அணுகல் நெறிகளின் ஏஏ நிலை சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. இரண்டும் தேறுகின்றன.

இதே வண்ணத்தட்டில் உள்ள ஆரஞ்சு 244, 119, 56. அதன்மேல் வெள்ளை எழுத்து 2.78. தேறவில்லை. 'முக்கியம்' என்ற தலைப்பு 19 பிக்சல் தடித்த எழுத்து. நெறிகளில் 14 பாயின்ட் தடித்த எழுத்து, அதாவது சுமார் 18.7 பிக்சலும் அதற்கு மேலும், பெரிய எழுத்து என்று கொள்ளப்படும். அதற்குக் கேட்பது 3 மட்டுமே. 19 பிக்சல் தலைப்பு மூன்றில் ஒரு பங்கு பிக்சல் வித்தியாசத்தில் அந்தச் சலுகைக்குள் வந்துவிடுகிறது. அப்படி வந்தும் 2.78 போதவில்லை. சலுகை கொடுத்த பிறகும் தோற்கிற நிறம்.

சரி, தலைப்பு எழுத்தைக் கறுப்பாக்கினால்? டிசைன் சிஸ்டத்தின் எழுத்துக் கறுப்பு 11, 12, 12. ஆரஞ்சின்மேல் அதன் விகிதம் 7.04. தேறுகிறது. ஆனால் மாற வேண்டியவை இப்போது மூன்றல்ல, நான்கு. தலைப்பின் வெள்ளை நிறம் தனி விதியில் எழுதப்பட்டிருப்பதால் அதையும் மீற வேண்டும். ஒரே குடும்பத்தின் மூன்று பட்டைகளில் இரண்டுக்கு வெள்ளைத் தலைப்பு, ஒன்றுக்குக் கறுப்பு.

சிவப்பை எடுக்கலாமே என்பார்கள். 212, 53, 28. வெள்ளை எழுத்தோடு 4.86. கணக்கில் தேறுகிறது, காரியத்தில் தோற்கிறது. படிவத்தில் தவறு நேர்ந்தால் மேலே வரும் எரர் சம்மரிக்கும் இதே சிவப்பு, இதே 5 பிக்சல் ஓரம். "நாளை மாலை சேவை நிறுத்தப்படும்" என்ற செய்தியைச் சிவப்புச் சட்டத்துக்குள் பார்ப்பவர், தான் ஏதோ தப்பாக நிரப்பிவிட்டதாக நினைத்துப் படிவத்தில் தவறைத் தேடத் தொடங்குவார். மஞ்சள் பேச்சுக்கே இடமில்லை: வெள்ளை எழுத்தோடு 1.35, அதோடு 255, 221, 0 என்ற அந்த மஞ்சள், கீபோர்டு ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட நிறம்.

இன்னொரு எண்ணையும் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். பிரிட்டனில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. அவர்களுக்கு மூன்றாவது நிறம் எதையும் சொல்லாது. 'எச்சரிக்கை' என்ற சொல்தான் சொல்லும். அந்தச் சொல்லைத் தலைப்பு பாராமீட்டரில் இன்றைக்கே, 0 வரியில், நீலப் பட்டையிலேயே போடலாம். ஆகவே மூன்றாவது நிறம் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. உண்மையிலேயே நான்கு வகை தேவைப்படுகிற குழுக்கள், பிரிட்டிஷ் நீதி அமைச்சகத்தின் டிசைன் சிஸ்டத்தில் உள்ள 'அலர்ட்' காம்பொனென்ட்டை எடுத்துக்கொள்ளலாம். தகவல், வெற்றி, எச்சரிக்கை, பிழை என்ற நான்கும் மூடும் வசதியும் அதில் ஏற்கெனவே உண்டு. அடுத்தவர் சோதித்து வைத்ததை எடுப்பது, தானே புதிதாக எழுதுவதைவிட எப்போதும் மலிவு.

ஃபோகஸ் யாருக்கு?

நிறத்தைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாத ஒரு சொல்லில் இருக்கிறது. நீலப் பட்டையின் ரோல் 'ரீஜன்': பக்கத்தில் பெயரிட்ட ஒரு பகுதி, அவ்வளவுதான். பச்சைப் பட்டையின் ரோல் 'அலர்ட்'. அலர்ட் என்றால் ஸ்க்ரீன் ரீடர் படித்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று பொருள். அதோடு, பக்கம் திறந்தவுடன் காம்பொனென்ட்டின் ஸ்க்ரிப்ட் பட்டைக்குத் தற்காலிகமாக ஒரு டேப்இன்டெக்ஸ் கொடுத்து, ஃபோகஸை அதன்மேல் கொண்டுபோய் வைக்கும். 3 பிக்சல் மஞ்சள் கோடு பட்டையைச் சுற்றி வரும். பயனர் அங்கிருந்து நகர்ந்ததும் டேப்இன்டெக்ஸ் நீக்கப்படும். பக்கம் திறக்கும்போதே உள்ள அலர்ட்டை எல்லா ஸ்க்ரீன் ரீடர்களும் ஒரே மாதிரி அறிவிப்பதில்லை என்பதால்தான் இந்த ஃபோகஸ் ஏற்பாடு.

"உங்கள் விண்ணப்பம் சேமிக்கப்பட்டது" என்ற செய்திக்கு இது மிகச் சரி. பயனர் ஒரு காரியம் செய்தார், அதன் பலன் உடனே காதில் விழுகிறது. ஆனால், "யாரும் கவனிக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லி, எல்லாப் பக்கத்திலும் நிற்கும் நீலப் பட்டைக்கும் 'அலர்ட்' ரோலைக் கொடுத்தால்? பாராமீட்டர் ஒன்றுதான், சிஎஸ்எஸ் 0 வரி. 7 பக்கப் படிவத்தை ஸ்க்ரீன் ரீடரில் நிரப்புகிறவர் 7 முறையும் பட்டைக்கு இழுக்கப்படுவார். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டு, கேள்விக்கு இறங்கிப் போக வேண்டும். காசில்லா மாற்றங்களிலேயே மிகக் கொடிய மாற்றம் இது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எரர் சம்மரியும் பக்கம் திறந்தவுடன் ஃபோகஸை எடுக்கும். தொடக்க ஸ்க்ரிப்ட் காம்பொனென்ட்களை ஆங்கில அகரவரிசையில் ஒவ்வொன்றாக இயக்குகிறது. எரர் சம்மரி முன்னே வரும், நோட்டிஃபிகேஷன் பேனர் பின்னே வரும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் எரர் சம்மரி ஃபோகஸைப் பிடிக்கும், அடுத்த நொடியின் ஒரு துளியில் பட்டை அதைப் பறித்துக்கொள்ளும். தவறாக நிரப்பியவருக்குத் தவறு சொல்லப்படாது. "நாளை சேவை நிறுத்தம்" என்று சொல்லப்படும். இதற்கு மருந்தும் அந்த 11-க்குள்ளேயே இருக்கிறது: தானியங்கி ஃபோகஸை நிறுத்தும் பாராமீட்டர். அதைவிட நல்லது, ரோலை மாற்றாமலே விடுவது.

மூடும் பட்டன், தானே மறையும் பட்டை

மூடும் பட்டன் இந்தக் காம்பொனென்ட்டில் இல்லை. ஒரு பெருக்கல் குறியை மூலையில் வைப்பதுதானே என்று கேட்பார்கள். 2023 அக்டோபர் 5-ஆம் தேதி வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2-இன்படி அழுத்தும் இடம் குறைந்தது 24×24 பிக்சல் இருக்க வேண்டும், அல்லது சுற்றிலும் அதற்கேற்ற இடைவெளி விட வேண்டும். தலைப்புப் பகுதியில் எழுத்து வரியே 25 என்பதால் உயரம் எப்படியோ பொருந்திவிடும். பட்டனுக்கு, 'மூடு' என்று மட்டுமல்லாமல் எதை மூடுகிறோம் என்று காதுக்குச் சொல்லும் பெயர் வேண்டும். அதுவும் சின்ன வேலை.

பெரிய வேலை மூடிய பிறகு வருகிறது. பட்டனை அழுத்தினால் பட்டை மறையும். அதற்குள் இருந்த பட்டனும் மறையும். பட்டனில் இருந்த ஃபோகஸ் எங்கே போகும்? வேறு எங்கும் அனுப்பாவிட்டால் இடம் தெரியாமல் தொலையும். பிரவுசரைப் பொறுத்துப் பக்கத்தின் உச்சிக்கே கூடப் போகலாம். அங்கிருந்து கீபோர்டில் டேப் அழுத்தி அழுத்தி இறங்கி வர வேண்டும். ஆகவே பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு ஃபோகஸை அனுப்ப ஸ்க்ரிப்ட் எழுத வேண்டும். மூடியதை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைக்க ஒரு குக்கி வேண்டும். பைட் கணக்கில் குக்கி ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் பெயர், நோக்கம், ஆயுள் மூன்றையும் குக்கிகள் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும், வேல்ஸ் பக்கத்திலும். செய்தி மாறினால் பழைய குக்கி புதிய செய்தியையும் மறைத்துவிடக் கூடாது, எனவே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண். ஸ்க்ரிப்ட் இயங்காத பிரவுசரிலும் பட்டன் வேலை செய்ய வேண்டுமானால் அது ஒரு படிவமாகி, சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு பெருக்கல் குறியின் பின்னால் வரும் வேலைகள் இவ்வளவு.

5 நொடியில் தானே மறையும் பட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆங்கில உரையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று மார்க் பிரைஸ்பர்ட் 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொல்கிறது. 40 சொல் செய்தியை வாசிக்க 10 நொடி ஆகும். 5 நொடி கொடுப்பது பாதியைப் படிக்கும்போது தாளைப் பிடுங்குவது. அதுவும் சராசரி வாசகருக்கு.

சோதனைப் பக்கம்

இப்போது பெருக்கல். மாற்றமே செய்யாத காம்பொனென்ட்டை ஒரு சேவையில் பார்க்க வேண்டிய தோற்றங்கள்: வகை 2, அகலம் 2, மொழி 2, திரை அளவு 3, சாதாரண நிறமும் உயர் மாறுபாடும் என 2. 2×2×2×3×2 = 48. மூன்றாவது நிறம் சேர்த்தால் முதல் எண் 3 ஆகிறது, 72. மூடும் பட்டன் உள்ளது, இல்லாதது என்று இன்னொரு 2, 144.

ஒரு தோற்றத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள 4 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆளின் நேரத்துக்கு மணிக்கு 60 பவுண்ட் என்றும் வைத்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்ட், கணக்கு எளிது. 48 தோற்றத்துக்கு 192 நிமிடம், 192 பவுண்ட். 144-க்கு 576 நிமிடம், அதாவது 9 மணி 36 நிமிடம், 576 பவுண்ட். தானியங்கிப் படம்பிடிப்புச் சோதனை வைத்திருக்கும் குழுக்கள் இதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். ஆனால் ஸ்க்ரீன் ரீடர் என்ன பேசுகிறது, எந்த வரிசையில் பேசுகிறது என்பதைப் படம்பிடிப்பு காட்டாது. ஜாஸ், என்விடிஏ, ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், பெரிதாக்கிப் படிக்க ஜூம்டெக்ஸ்ட், குரலால் இயக்க டிராகன் என்று 6 கருவிகள். 3 வகை, பட்டனோடும் இல்லாமலும் 2 என்றால் 36 முறை. ஒன்றுக்கு 10 நிமிடம் என்றால் 6 மணி, 360 பவுண்ட். இரண்டையும் கூட்டினால் 936 பவுண்ட். மாற்றம் செய்யாத குழு இதே 6 கருவிகளில் 2 வகையைப் பார்க்க 120 பவுண்ட், தோற்றங்களுக்கு 192, ஆக 312. மூன்று மடங்கு. டிசைன் சிஸ்டம் ஏற்கெனவே சோதித்துத் தந்ததை நம்பி அதிலும் குறைத்துக்கொள்ள மாற்றாதவருக்கு வழி உண்டு. மாற்றியவருக்கு அந்த வழி மூடிவிட்டது. அவர் கையில் இருப்பது வேறு யாரும் சோதிக்காத பொருள்.

இந்தத் தொகை ஒரு முறையோடு நிற்பதும் இல்லை. 4.0 பதிப்பு 2021 டிசம்பரில் வந்தது, 5.0 பதிப்பு 2023 டிசம்பரில். இரண்டு ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு. 5.0-இல் நடந்த ஒரு மாற்றத்தை அருகே போய்ப் பார்க்கலாம். அதுவரை, ஸ்க்ரிப்ட் இயங்குகிறது என்பதைக் காட்டப் பக்கத்தின் பாடி டேகில் 'ஜேஎஸ் எனேபிள்டு' என்ற கிளாஸ் மட்டும் இருந்தது. 5.0-இல் அதோடு 'கவ்.யூகே ஃபிரன்ட்எண்ட் சப்போர்ட்டட்' என்ற இன்னொன்றையும் சேர்த்து, காம்பொனென்ட்களின் ஸ்டைல்களைப் புதியதற்கு மாற்றினார்கள்; புதிய கிளாஸ், காம்பொனென்ட்களின் ஸ்க்ரிப்ட் ஓடக்கூடிய பிரவுசர்களில் மட்டும் வரும். மூடும் பட்டனைச் சொந்தமாக எழுதியவர், "ஸ்க்ரிப்ட் இருந்தால் மட்டும் பட்டனைக் காட்டு" என்று பழைய கிளாஸை நம்பி எழுதியிருப்பார். பதிப்பை உயர்த்தியதும் பிழைச் செய்தி எதுவும் வராது, பில்டு பச்சையாகவே முடியும், ஆனால் அந்த ஸ்க்ரிப்ட் ஓடாத பழைய பிரவுசர்களில் பட்டன் தெரிந்தும் அழுத்தினால் எதுவும் நடக்காமல் போகலாம். காம்பொனென்ட்டை அப்படியே பயன்படுத்தியவருக்கு இந்த வரியின் செலவு 0.

வாசகர் பெயரில் எழுத வேண்டிய தொகை

இதுவரை எழுதியதெல்லாம் குழுவின் செலவு. வாசகரின் செலவை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியதாகப் படுகிறது. ஒரு நாளில் 10,000 பக்கப் பார்வை உள்ள சேவை என்று வைப்போம். செய்தி 50 பேரில் ஒருவருக்கு மட்டும் பொருந்தும். 200 பேருக்குப் பயன். 9,800 பேருக்கு வெறும் தடை. அவர்கள் தலா 3 நொடி நின்று பார்த்துவிட்டு நகர்ந்தால் 29,400 நொடி, 8 மணி 10 நிமிடம். ஒரு நாளுக்கு. பட்டை 30 நாள் நின்றால் 245 மணி நேரம். மேலே கண்ட 936 பவுண்ட் சோதனைக்கு ஆன நேரம் 15 மணி 36 நிமிடம்தான்.

அந்த 3 நொடியைக் கூடப் பலர் கொடுக்க மாட்டார்கள் என்பது இதன் இன்னொரு பக்கம். பக்கத்தின் உச்சியில் பட்டை போல எது தெரிந்தாலும் கண் தாண்டிப் போய்விடும் வழக்கத்தை ரைஸ் பல்கலைக்கழகத்தின் பென்வேயும் லேனும் 1998-லேயே பதிவு செய்தார்கள். கவ்.யூகே டிசைன் சிஸ்டத்தின் வழிகாட்டியும் இதையே வெளிப்படையாகச் சொல்கிறது: மக்கள் இந்தப் பட்டைகளை அடிக்கடி கவனிக்காமல் விடுகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு, அதிகமாகப் பயன்படுத்தினால் அது மோசமாகும், ஆகவே அளவோடு பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. செய்தி அந்தப் பக்கத்தின் வேலையோடு நேரடியாகச் சேர்ந்ததானால் பட்டையில் போடாமல் உள்ளடக்கத்திலேயே எழுதச் சொல்கிறது. மக்கள் கவனிக்கவில்லை என்பதால் நிறத்தைக் கூட்டுவதும், ரோலை அலர்ட்டாக்குவதும், இரண்டாவது பட்டை சேர்ப்பதும் அந்தச் சான்றுக்கு நேர் எதிர்த் திசையில் போகிற செலவுகள்.

செலவைக் குறைக்கிற மாற்றம் ஒன்றே ஒன்று உண்டு. அது காம்பொனென்ட்டுக்கு வெளியே, சர்வரின் அமைப்புக் கோப்பில் 3 புலங்கள்: தொடங்கும் நாள், முடியும் நாள், எந்தெந்தப் பக்கங்கள். முடியும் நாள் காலியாக இருந்தால் பட்டை வெளியிடப்படாது என்று ஒரு நிபந்தனை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், அந்த 200 பேர் வழக்கமாக வருகிற ஒரு பக்கத்தில் மட்டும், நாளுக்கு 500 பார்வை உள்ள பக்கம் என்று வையுங்கள், பட்டையை நிறுத்தினால் தேவையில்லாமல் பார்ப்பவர் 9,800-லிருந்து 300 ஆகக் குறைவார்கள். 30 நாளுக்குப் பதில் 7 நாள் மட்டும் நின்றால் 300×3×7 = 6,300 நொடி. 245 மணி நேரம் 1 மணி 45 நிமிடமாகிறது. பட்டை அதே நீலம், அதே 5 பிக்சல் ஓரம், அதே 605.